கோல் விழுந்தால் மீன்

ஓராத்தீவில் வலை என்ற சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு, வந்த வினை எல்லாம் அந்தச் சொல்லால் வந்தது, எங்கள் பங்குச் சாமியாரில் பிழை சொல்லி வேலையில்லை. கடலில் விடுவது வலை, கரையில் காயப்போடுவது வலை, பிள்ளைக்கு ஏணை கட்டுவது கிழிந்த வலை, கோழிக்கூட்டை மூடுவதும் அதே கிழிந்த வலை. ஆகையால், கோல் கம்பங்களில் வலை இல்லாத கழகம் இந்த வருசம் ஆடமுடியாது என்று மாவட்ட லீக்கிலிருந்து அறிவித்தல் வந்தபோது, தீவின் அரைவாசி வள்ளங்களுக்குச் சொந்தக்காரரும் எங்கள் வெள்ளிமீன் விளையாட்டுக் கழகத்தின் தலைவருமான மடுத்தீன் சம்மாட்டி, தன் மீன்வாடிக்குப் பின்னால் சுருண்டு கிடந்த பழைய அறுக்குளாமீன் வலை ஒன்றை இழுத்து வந்து, இரண்டாக வெட்டி, இரண்டு பக்கக் கம்பங்களிலும் கட்டினார், கட்டின கையோடு, வலை இறக்கினால் செய்ய வேண்டியதைச் செய்யத்தானே வேண்டும் என்று சாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

மந்திரிக்காத வலை ஓராத்தீவில் தண்ணீரைக் காணாது. வலையை விரிக்க வேண்டும், வலைக்குரியவன் அதன்மேல் முழங்காலில் இருக்க வேண்டும், சாமியார் தீர்த்தம் தெளித்துப் புத்தகத்தில் உள்ள செபத்தைச் சொல்ல வேண்டும், நாங்கள் ஆமென் சொல்ல வேண்டும். கோல் வலைக்குரியவன் யார் என்று யோசித்தோம், அதைக் காக்கிற லம்பேட்தான் என்று முடிவாகி, அவனைப் பிடித்து முழங்காலில் இருத்தினோம். சாமியார் தீவுக்குப் புதிது, புத்தகத்தில் வலைக்கென்று இருந்ததோ ஒரே ஒரு செபம், அதை அவர் அழகாக இழுத்துப் பாடினார்: ஆண்டவரே, இந்த வலையும் இதனோடு நிற்கிறவனும் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பாதிருப்பார்களாக. ஆமென் என்றோம், கடலுக்குக் கேட்கிற மாதிரி. பேரம் தெரிந்தவன் எவனும் வாசகத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்காமல் தலையாட்ட மாட்டான், நாங்கள் ஆட்டினோம். மீன் பிடிக்கிறவனுக்கு வேண்டியது நிறைந்த வலை, கோல் காக்கிறவனுக்கு வேண்டியது வெறும் வலை. இந்தச் சின்ன வித்தியாசம் அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

முதல் மட்ச் பக்கத்துத் தீவுக்காரரோடு, எங்கள் மைதானத்தில். மைதானம் என்றால் ஒரு கரையில் கடலும் மறுகரையில் சவக்காலையும் உள்ள மணல்வெளி. அவர்களின் முன்வரிசைக்காரன் ஒருவன் உதைத்த பந்து லம்பேட்டின் விரல்நுனியில் பட்டு, கம்பத்தை உரசி, உள்ளே போய் வலையில் விழ, வலை ஒரு பந்தளவுக்குப் புடைக்காமல் வள்ளத்தில் ஏற்றும்போது புடைக்கிற அளவுக்குப் புடைத்து, கம்பங்கள் இரண்டும் முனகி உள்வளைந்து, பந்தோடு சேர்ந்து ஒரு குவியல் பாரை மீன் மணலில் கொட்டுண்டு துள்ளியது. செவுள்கள் திறந்து மூடின, வால்களிலிருந்து தெறித்த உப்புத்தண்ணீர் லைன்ஸ்மனின் சப்பாத்தை நனைத்தது. றெஃபரி கிட்ட வந்தார், குனிந்தார், பந்து கோட்டைத் தாண்டினதா என்று பார்த்தார், தாண்டித்தான் கிடந்தது, விசிலை ஊதிக் கோல் கொடுத்தார்.

"மீனைப் பற்றிச் சட்டப்புத்தகத்தில ஒண்டும் எழுதேல்லை," என்றார். "ஆனா இடத்தைத் துப்புரவாக்கித் தாங்கோ, ஆட்டம் தொடங்கோணும்."

லம்பேட் மணலில் குப்புறக் கிடந்தான். அவனை ஒருவரும் தூக்கவில்லை. எல்லாரும் மீனைத் தூக்கினார்கள்.

"அடிச்சது நான், மீன் என்ர," என்றான் கோல் அடித்தவன், ஜேர்சியைக் கழற்றிப் பை மாதிரிப் பிடித்துக்கொண்டு.

"நீ அடிச்சது பந்து. பந்தைக் கொண்டு போ," என்றாள் றெஜினா. றெஜினா லம்பேட்டின் மனைவி, சந்தையில் மீன் விற்கிறவள், அவளுடைய வாய்க்குப் பயந்து நிறுவைக்காரன் தராசைத் துடைத்துவிட்டுத்தான் தூக்குவான்.

"அப்ப பாதி தாங்கோ அக்கா."

"பாதி கேக்க நீ என்ன எஞ்சினோ?"

வள்ளத்துக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மிச்சம் ஆட்களுக்கு என்று பங்கு பிரித்துப் பழகின கூட்டத்துக்கு, எஞ்சினும் வள்ளமும் இல்லாமல் வந்த மீனைப் பிரிக்கத் தெரியவில்லை. இழுபறிப்பட்டு, அடித்தவனுக்கு ஒரு மீன், அதுவும் நாங்கள் எடுத்துக் கொடுக்கிற மீன் என்று முடித்தோம். எனக்கும் ஒன்று என்றார் றெஃபரி. உங்களுக்கு விசில் இருக்குது என்றாள் றெஜினா. மீனை ஏலம் கூறி விற்கிறது என் தொழில், தொண்டையும் அதற்கென்றே வளர்ந்தது, கோல் கோட்டில் நின்றபடியே கூறத் தொடங்கிவிட்டேன். ஒருதரம், இரண்டுதரம் என்று சொல்லி நான் மூச்செடுத்த நேரம் பார்த்து, ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லி றெஃபரி விசில் ஊத, அதையே மூன்றாம் தரமாக எடுத்து மீனை முடித்துக் கொடுத்தேன்.

அற்புதம், புதுமை என்று ஒருவரும் சொல்லவில்லை. கடல் ஒருநாள் தரும், ஒருநாள் தராது, இப்போது தரையால் தருகிறது, அவ்வளவுதான். ஓராத்தீவில் புதுமைக்கு நேரமில்லை, வெயில் ஏறினால் மீன் கெட்டுவிடும்.

அதன்பிறகு மட்சுக்கு மட்ச் நாங்கள் இந்தத் தொழிலைப் படித்தோம், முன்னொரு காலத்தில் எங்கள் ஆட்கள் நீரோட்டம் படித்த மாதிரி. தலையால் முட்டின கோலுக்கு அறுக்குளா விழுந்தது, தூரத்திலிருந்து இழுத்து அடித்ததற்குப் பாரை, கூட்டத்துக்குள் கால் மாறிக் கால் பட்டு உருண்டதற்குச் சூடையும் காரலும், எங்கள் ஆளே தவறுதலாக எங்கள் கோலுக்குள் அடித்தால் ஒருவரும் தின்னாத பேத்தை. லம்பேட் நின்றால்தான் விழுந்தது. சம்மாட்டி தன் மருமகனை ஒருமுறை கோலில் நிறுத்திப் பார்த்தார், பந்து மட்டும் வந்தது, அதுவும் தாராளமாக வந்தது. சரி, லம்பேட்டே நிற்கட்டும், ஆனால் ஏன் இந்தப் பாய்ச்சல், வழியை விட்டு ஒதுங்கி நின்றால் தொழில் கெதியாய் நடக்குமே என்று அவனைப் பிடித்து வெருட்டி, கம்பத்தில் சாய்ந்து நிற்கவைத்து ஒரு மட்ச் ஆடினோம். அன்று வலை நிறையச் சாதாளைப் பாசியும் சொறிமுட்டையும் விழுந்தன, அள்ளப் போனவர்கள் எல்லாரும் நாள்கணக்காகக் கோயிலிலும் சொறிந்தார்கள், கூட்டத்திலும் சொறிந்தார்கள், சாமியார் பிரசங்கத்தில் வசனத்துக்கு வசனம் சொறிந்தார். அவன் உயிரைக் கொடுத்துப் பாயவேண்டும், பாய்ந்தும் பிடிபடாமல் போகவேண்டும், அப்போதுதான் மீன் என்பது அதோடு தெளிவாயிற்று.

வள்ளங்கள் கரையில் கவிழ்ந்தன. அவற்றுக்குக் கீழே கோழிகள் முட்டையிட்டன. ஆண்களும் பெண்களும் பிளாஸ்ரிக் மீன்பெட்டிகளோடும் ஐஸோடும் லம்பேட்டின் கோலுக்குப் பின்னால் குந்தினார்கள், அரைநேரம் முடிந்து அணிகள் பக்கம் மாறும்போது மொத்தத் தீவும் பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு மைதானத்தின் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புக்கு நடந்துபோய் மறுபடி குந்தியது. கனடாவில் இருக்கிற எங்கள் ஆட்கள் கைத்தொலைபேசியில் நேரலை பார்த்தார்கள். கமெராவை ஏனடா மைதானத்துக்குத் திருப்புறாய், வலையைக் காட்டு என்று அங்கிருந்து எழுதினார்கள், எழுதிவிட்டு ஜேர்சி அனுப்பினார்கள், ஜேர்சியோடு லம்பேட்டுக்கு ஒரு கேடயமும் வந்தது: அதிக கோல் வாங்கிய அன்புச் சகோதரனுக்கு.

கடற்றொழில் அதிகாரி ஒருவரும் வந்தார், காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு, ஈரம் இல்லாத மணலில். வலைக்கண்ணை அளவுகோலால் அளந்தார், தலையை ஆட்டினார்.

"இந்தக் கண்ணுக்குள்ளால பந்து போகுமோ?" என்று கேட்டார்.

"போகாது ஐயா. போனா கோல் இல்லை," என்றார் மடுத்தீன் சம்மாட்டி.

"அப்ப தப்பிப் போக வழியில்லை. சின்னக் கண் வலை. சட்டவிரோதம்."

"பந்து குஞ்சு பொரிக்கிறதோ ஐயா?"

அதிகாரி அதை யோசித்தார். பிறகு, தரையில் தலையால் பிடிபட்ட அறுக்குளா எந்த வகைக்குள் அடங்கும் என்று அலுவலகத்தில் காட்டி விசாரிக்க வேண்டும் என்று சொல்லி, விசாரணைக்கு ஒன்றை வாழையிலையில் சுற்றிக்கொண்டு போனார், விசாரணை நீண்டது, ஒவ்வொரு மட்சுக்கும் அவர் வரவேண்டியதாயிற்று.

இனித்தான் சிக்கல். லீக் ஆட்டங்கள் முடிந்து வந்த மாவட்டக் கிண்ணத்தில் தோற்றவன் வீட்டுக்குப் போகவேண்டும், வீட்டுக்குப் போனால் அடுத்த மட்ச் இல்லை, மட்ச் இல்லையென்றால் மீன் இல்லை. எனவே கோல் வாங்க வேண்டும், ஆனால் தோற்கக்கூடாது, நிறைய வாங்கி அதைவிட ஒன்று கூட அடிக்க வேண்டும். இந்தக் கணக்குப் பிடிபட்ட நாளிலிருந்து எங்கள் முன்வரிசைப் பெடியளுக்குத் தூக்கம் இல்லாமல் போயிற்று. சம்மாட்டி அவர்களை விடிய எழுப்பி, இடுப்பில் ஈயக்குண்டுகள் கட்டி மணலில் ஓடவிட்டார், அடிக்காதவன் வீட்டுக்கு அந்தக் கிழமை கறிமீன் போகவில்லை. முன்னர் கோல் கம்பத்தைத் தேடித் திரிந்த வியாகுலன், ஒரு காலால் அடித்துவிட்டு மறுகாலால் அடுத்ததற்கு ஓடினான். ஐந்துக்கு நாலு வென்றோம், ஆறுக்கு ஐந்து வென்றோம், பத்திரிகைக்காரர் எங்களைத் தாக்குதல் ஆட்டத்தின் தென்றல் என்றும் புயல் என்றும் எழுதினார்கள், வெல்ல வெல்லப் பெரிய அணிகள் வந்தன, பெரிய அணிகளில் பெரிய அடிகாரர் இருந்தார்கள், பெரிய அடிக்குப் பெரிய மீன். இப்படியாக, ஒரு வெற்றியையும் விரும்பாமல் ஒவ்வொரு வெற்றியாகப் பொறுக்கிக்கொண்டு, ஓராத்தீவு சரித்திரத்தில் முதல்முறையாக நாங்கள் கிண்ணத்தின் இறுதியாட்டத்துக்கு வந்து சேர்ந்தோம்.

இதற்குள் ஒருவன் கெட்டுப்போயிருந்தான், அதாவது திறமாகிக்கொண்டிருந்தான். லம்பேட்டைத்தான் சொல்கிறேன். நெடுவல், கை முழங்காலைத் தொடும், கடலில் நிற்கும்போது யாரும் அவனைக் கவனித்ததில்லை, கோலில் நின்றபோது வாசல் என்று பெயர் வைத்தோம், எல்லாம் அவனால் உள்ளே வருகிறபடியால். "வாசல், இண்டைக்கு அகலத் திற," என்று அவன் கடற்கரையில் போகும்போது கூப்பிடுவோம். அவன் சிரிப்பதில்லை. மாவட்டத்தின் பெரிய அடிகாரர் எல்லாரும் அவனைக் குறிவைத்து அடித்து அடித்து, அவன் கையும் கண்ணும் அப்படித் தேறிவிட்டன, அரையிறுதியில் இரண்டே இரண்டு கோல்தான் உள்ளே போனது. இரண்டும் கலவாய் மீன், ஒவ்வொன்றும் ஆள் பாரம், ஆனாலும் இரண்டுதானே. நாங்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு போனோம்.

லம்பேட் சாமியாரிடம் போயிருக்கிறான்.

"சாமி, மந்திரிச்சதைத் திருப்பி எடுங்கோ."

"மகன், ஆசீர்வாதத்துக்குப் பின்னுக்குப் போற கியர் இல்லை," என்றாராம் சாமியார். அவர் நல்ல மனிதர், உண்மையிலேயே வருந்தினார். "அதோட, கோயில் கூரைக்கு ஓடு வந்ததும் உன்ர கையாலதானே."

"கையால இல்லை சாமி. கைக்குள்ளால."

அன்று மத்தியானம் றெஜினா கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருக்க, அவன் பக்கத்தில் குந்தியிருந்து கதைத்ததை அவளே பிறகு என்னிடம் சொன்னாள், வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன், ஏனென்றால் லம்பேட் கதைக்கிற ஆள் இல்லை.

"ஒரு மட்ச், றெஜினா. சாகிறதுக்கு முதல் ஒரேயொரு மட்ச் சைபரில முடிக்கோணும்."

"சைபரைக் கறி வைக்கலாமோ?"

"நான் பகிடி விடேல்லை."

"நானும்தான். நாலு வீட்டு அடுப்பு உங்கட கையை நம்பி எரியுது. பிடிச்சுப்போட்டு என்ன செய்யப் போறியள், பந்தை அவிக்கிறதோ?"

அவன் முழங்காலில் தெறித்த செதிலை வழித்தெறிந்தான்.

"நான் பாயுறதை நீ ஒருநாளாவது கண்டனியோ?"

"உங்கட முதுகுக்குப் பின்னாலதானே நான் எந்த நாளும் நிக்கிறன்."

"வலையைப் பாத்துக்கொண்டு."

"பின்னை? வலையிலதானே மீன் விழுது."

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அவன் எழும்பிப் போய்விட்டான். மீன் தலையை வெட்டினபோது கத்தி நழுவினதாகவும் ஏன் என்று தெரியவில்லை என்றும் அவள் சொன்னாள்.

இறுதியாட்டம் பட்டணத்தில், மதவடி யுனைற்றெட்டோடு. போன வருசம் மதவடியின் டிலக்சன் அடித்த பந்து பட்டு ஒரு கோல் கம்பம் முறிந்ததென்று கதை இருந்தது, அந்தக் கதையை வைத்து நான் கொழும்பு ஹோட்டல் ஒன்றோடு பேசி, விழப்போகிற மீனை விழமுதலே விற்றுவிட்டேன், லொறியும் ஐஸோடு வருகிறதாயிற்று. அதனால் இறுதியாட்டத்துக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, சங்கக் கட்டடத்தில் லம்பேட்டைக் கூப்பிட்டு இருத்தினோம்.

"நாலு," என்றேன் நான். பேரத்தை உயரத்தில் தொடங்க வேண்டும்.

"சைபர்," என்றான் லம்பேட்.

"மூண்டு. மூண்டும் திறமான கோலா. தலையால ஒண்டு."

"சைபர்."

"டேய், உனக்கு விசரோ?" என்றார் மடுத்தீன் சம்மாட்டி. "லொறி கொழும்பால வெளிக்கிடப் போகுது, ஐஸோட."

"ஐஸ் உருகும், சம்மாட்டியார்."

"ரெண்டு," என்றேன். "சரி, ஒண்டு. ஒண்டே ஒண்டு. சுறா வாற மாதிரி ஒண்டு. அதுக்குமேல நீ பிடி, ஆர் வேண்டாமெண்டது?"

"அண்ணை, நான் சும்மா விட்டா வாறது சாதாளை. உண்மையாப் பாய்ஞ்சா நான் பிடிப்பன். ரெண்டில எது வேணும், சொல்லுங்கோ."

நான் பசியோடு வந்தவனோடு பேரம் பேசியிருக்கிறேன், பொய்யனோடு பேசியிருக்கிறேன், குடித்து நிறைவெறியில் நின்றவனோடு பேசி அவன் கட்டியிருந்த சறத்தையே விலைக்கு வாங்கியிருக்கிறேன். சைபரில் தொடங்கிச் சைபரிலேயே நிற்கிறவனை மட்டும் நான் கண்டதில்லை, அவனிடம் குறைக்கவும் ஒன்றும் இல்லை, கூட்டவும் ஒன்றும் இல்லை, அப்படிப்பட்டவனோடு பேசுவது காற்றோடு கயிறிழுக்கிற வேலை. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன், அது சுவரில் பட்டுக் கால் முறிந்தது.

சம்மாட்டி வேறு வழி பிடித்தார். டிலக்சனைத் தன் வள்ளத்திலேயே தீவுக்கு ஏற்றிவந்து, நண்டுக்கறியும் ஒடியல் கூழும் வைத்து, அவன் விரலை நக்கிக்கொண்டிருக்கும்போது, லம்பேட்டுக்கு இடது முழங்கால் மழைக்காலத்தில் வலிக்கும் தம்பி, இடப்பக்கம், நிலத்தோடு அடி என்று சொல்லிக் கொடுத்தார். இதை மறைக்கவும் இல்லை. கழகத் தலைவர் ஊருக்கு நன்மை செய்தால் ஏன் மறைக்க வேண்டும்? லம்பேட்டின் காதிலும் விழுந்தது. அவன் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவினானாம்.

இறுதியாட்டத்தன்று ஓராத்தீவில் நாய்களும் சாமியாரும் மட்டுமே மிஞ்சினார்கள், பிறகு சாமியாரும் வந்துவிட்டார். பட்டணத்து மைதானத்திலும் எங்கள் வலையையே இரண்டு பக்கமும் கட்டிவிட்டு, லம்பேட்டின் கோலுக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக அடுக்கிக் குந்தினோம், மதில் ஓரம் லொறி பின்கதவைத் திறந்துகொண்டு நின்றது. ஆட்டம் தொடங்கினவுடனேயே தூரத்தில், எங்களுக்கு வேலையில்லாத அந்தப் பக்கத்தில், ஒரு சத்தம் கேட்டது.

"எங்கட ஆள் கோல் அடிச்சிட்டான் போல கிடக்கு."

"ஆர்?"

"தெரியேல்லை. நீ பெட்டியைப் பிடி."

வியாகுலன் பழக்கதோசத்தில் அடித்துவிட்டான். அடித்தவன் அடுத்ததையும் அடித்திருப்பான், ஆனால் மதவடிக்காரர் அவனை மூன்றுபேராகச் சேர்ந்து காவல் வைத்துவிட்டு, மிச்ச ஆட்களோடு எங்கள் பக்கம் வந்து இறங்கினார்கள், அதன்பிறகு முழு ஆட்டமும் எங்கள் கண்முன்னே, எங்கள் மூக்குக்கு முன்னே, லம்பேட்டின் மேல் நடந்தது. அவன் மேலே போனதைத் தட்டினான், கீழே வந்ததை அமுக்கினான், இடையில் வந்ததை நெஞ்சால் வாங்கினான், ஒவ்வொரு அடிக்கும் நாங்கள் பெட்டியைத் திறந்தோம், ஒவ்வொரு பிடிக்கும் பெட்டியை மூடினோம், திறந்து மூடித் திறந்து மூடி ஐஸ் தண்ணீராகி எங்கள் காலுக்குக் கீழே ஓடியது. அரைநேரத்தில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மற்றத் தலைப்புக்கு நடந்தபோது, பட்டணத்து ஆட்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள், லம்பேட்டுக்கு. அவனைத் தூஷணத்தால் ஏசிக்கொண்டிருந்தது அவனுடைய ஊர்.

ஆட்டம் முடிகிற நேரம் எங்கள் ஆள் ஒருவனின் கையில் பந்து பட்டது. பெனால்டி. ஓராத்தீவு முழுக்க எழும்பி ஆரவாரித்தது, சம்மாட்டி பக்கத்தில் நின்ற மதவடி ஆதரவாளனைக் கட்டிப்பிடித்தார், அந்த மனிதன் விளங்காமல் விலகி நின்றான். டிலக்சன் பந்தை வைத்தான், எங்களைப் பார்த்தான், நண்டு தின்ற நன்றி அவன் முகத்தில் இருந்தது. ஓடிவந்தான். இடப்பக்கம், நிலத்தோடு, கல்லு மாதிரி.

லம்பேட் விழுந்தான், இரண்டு கையாலும் பிடித்தான்.

பிடித்த பந்து அவன் கையில் நிற்கவில்லை. நாங்கள் கடலோடு வளர்ந்தவர்கள், எங்களுக்கு அதைப் பார்த்தவுடன் தெரிந்தது: தூண்டிலில் பெரிய சுறா இழுத்தால் எப்படிக் கை முன்னால் போகுமோ அப்படி அவன் கை வலைப்பக்கம் போயிற்று, கையோடு தோள் போயிற்று, அவன் முழங்காலில் எழும்பி, பிறகு காலில் எழும்பி, பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குதிகாலை ஊன்ற, ஊன்றின குதி புல்லை உழுதபடி பின்னால், கோட்டுக்கு, வலைக்கு, எங்களுக்கு, முழம் முழமாக நகர்ந்து வந்தது, வலை காற்றில்லாமல் புடைத்துத் திறந்து நின்றது, புல்லும் வெயிலுமாக இருந்த மைதானத்தில் கடல் மணம் எழும்பியது, றெஃபரி ஓடிவந்து கோட்டின் ஓரம் வயிற்றில் படுத்துக் கன்னத்தைப் புல்லில் வைத்துப் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவில் கண்ணை வைத்தார், டிலக்சன் வாய் திறந்தபடி நின்றான், எங்கள் பெடியள் நின்றார்கள், யாருக்கும் யாரைத் தள்ளுவதென்று தெரியவில்லை, நாங்கள் பெட்டிகளைத் திறந்து பிடித்தபடி, இழு, இழு என்று சொல்லிக்கொண்டிருந்தோம், மெதுவாக, எல்லாரும் ஒரே குரலில், தோணி இழுக்கிறபோது சொல்கிற மாதிரி.

அவனுடைய முதுகு றெஜினாவின் முகத்துக்கு நேரே வந்து நின்றது. நடுவில் வலை மட்டும். ஜேர்சி வியர்வையில் ஒட்டி, முள்ளந்தண்டு கயிறு முறுக்கின மாதிரித் தெரிந்தது, இடது முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் வலையைப் பார்க்கவில்லை. நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிசி வலைக்குள்ளால் புருசனைப் பார்த்தாள், சந்தையில் ஆளறியாத ஒருவனைப் பார்க்கிற மாதிரி, உச்சியிலிருந்து குதிவரை.

"விடாதையுங்கோ," என்றாள்.

நாங்கள் இழு என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் அது தனியாகக் கேட்டது. சம்மாட்டி திரும்பி, "ஏய், என்ன சொல்லுறாய், லொறி நிக்குது," என்றார்.

"லொறியை நீங்கள் பாருங்கோ, சம்மாட்டியார்," என்றாள். பிறகு மறுபடி, அந்த முதுகுக்கு: "விடாதையுங்கோ. நான் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்."

அவனுக்குக் கேட்டதா தெரியாது. குதி கோட்டில் முட்டி நின்றது. பந்து அவன் வயிற்றுக்குள் ஒரு துள்ளுத் துள்ளியது, இன்னொன்று துள்ளியது, பெரிய மீன் உயிர் விடுகிறபோது உடம்பு முழுக்க ஓடுமே ஒரு நடுக்கம், அது ஓடியது, பிறகு அடங்கியது. வலை தொய்ந்து தொங்கியது. றெஃபரி எழும்பி வயிற்றுப் புல்லைத் தட்டி, கோல் இல்லை என்று கையை விசுக்கினார். லம்பேட் பந்தைக் கொஞ்சநேரம் பார்த்தான், இரண்டு கையிலும் உருட்டிப் பார்த்தான், அது வெறும் பந்து, காற்றடித்த தோல், நிலத்தில் வைத்து நடுமைதானத்துக்கு உதைத்துவிட்டான்.

ஆட்டம் ஒன்றுக்குச் சைபரில் முடிந்ததும், கிண்ணத்தை வாங்கத் தெரியாமல் சம்மாட்டி அதை மீன்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்ததும், அதன்பிறகு லம்பேட் வாங்கின கோல்களில் பந்தைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை என்பதும் பேப்பரில் கொஞ்சமும் வாய்வழியாக மிச்சமும் வந்த கதை, அதற்கு நான் வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது விசில் ஊதமுதல் நடந்தது. சேர்த்துக் கொடுத்த நேரம் இன்னும் கிடந்தது. லொறிச் சாரதி வந்து என் தோளைத் தட்டி மீன் எங்கே என்று கேட்டான், என் தலைக்குள் இரத்தம் ஏறிவிட்டது, நான் வலைக்கும் எங்கள் ஆட்களுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, லம்பேட்டின் பரம்பரையைத் தோண்டியெடுத்து, சாமியாரின் புத்தகத்தை இழுத்து, சம்மாட்டியின் நண்டுக்கறிவரை ஒன்றும் விடாமல் ஏசத் தொடங்கினேன். ஏசுகிறவனுக்கு யாராவது எதிர்க்கதை கதைக்க வேண்டும், அதுதானே முறை. ஒருவரும் கதைக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். றெஜினா தன் மீன்பெட்டியில் கிடந்த ஐஸ் தண்ணீரை ஊற்றிவிட்டு, பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் சீலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள் கவிழ்த்தாள். அதற்கப்பால் சாமியார் ஒரு பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஓராத்தீவு ஆட்கள் வரிசையாகக் கன்னத்தில் கைவைத்து இருந்து, என்னுடைய தோளுக்கு மேலாலும் விலாவுக்குப் பக்கத்தாலும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இதில எங்கட பெடியள் எந்தப் பக்கம் அடிக்கிறாங்கள்?" என்று ஒருவன் பக்கத்தில் நின்ற பட்டணத்தானைக் கேட்டான்.

அந்தப் பக்கம் என்று அவன் கையைக் காட்டினான். கோணர் அடி ஒன்று வரப்போனது, லம்பேட் கோட்டில் நின்று கையை அகல விரித்தான்.

"அண்ணை," என்றாள் றெஜினா, என்னைப் பார்க்காமல். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. மறைக்குது."